கரூசோவின் ஊரில் ஆறு நாள்

முதல் நாள்: மிலான்

காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கினோம். பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு நேரே மன்ஸோனி தெருவுக்கு நடை. வந்திருப்பது நானும் அத்தானும். தனியாக ஊர் சுற்றினால் நான் வேளைக்குச் சாப்பிட மாட்டேன் என்பது அக்காவின் முடிந்த முடிவு. அதனால் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் தன் கணவரைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறாள். அத்தான் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. ஆப்பரா என்கிற மேல்நாட்டுப் பாட்டு நாடகம் அவருக்குக் கத்தல். ஆறு நாளும் எப்படிக் கழியப்போகிறதோ!

நான் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சாரீரம். என்ரிகோ கரூசோ, 1873இல் நேப்பிள்ஸில் பிறந்து, 1921இல் அதே நேப்பிள்ஸில் நாற்பத்தெட்டு வயதில் இறந்த டெனர் பாடகர். ஆண்குரலில் மேல் ஸ்தாயியை ஆள்கிறவரை இத்தாலியர் டெனர் என்கிறார்கள். பதினைந்து வருடமாக இவரைக் கேட்டு வருகிறேன். கீறலும் கரகரப்புமாக, அடைமழைக்கு நடுவே பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாரோ பாடுவதைப் போலத்தான் கேட்கிறது. இருந்தும் கேட்பதை விட முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் எந்த இடத்தில் மயங்கினார்கள், எந்த இடத்தில் முகம் திருப்பினார்கள் என்று அந்தந்த ஊரிலேயே போய் நின்று பார்க்க ஆசை.

முதல் இடம் 'கிராண்ட் ஹோட்டல் எ த மிலான்'. இசையமைப்பாளர் வெர்டி 1901 ஜனவரி 27 அன்று இந்த ஓட்டலில்தான் இறந்தார். அவர் நினைவிழந்து கிடந்த நாட்களில் குதிரை வண்டிகளின் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இந்தத் தெருவில் வைக்கோலைப் பரப்பியிருக்கிறார்கள். ஓர் ஊர் தன் இசைக்காரருக்காகத் தெருவின் வாயையே பொத்தியிருக்கிறது. இன்று அதே தெருவில் டிராம் மணியடித்துக்கொண்டு போகிறது.

அடுத்த ஆண்டு, 1902 ஏப்ரல் 11. இதே ஓட்டலின் ஓர் அறையில் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் ஒரு தகரக் கூம்பை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். மிலானின் ஆப்பரா அரங்கமான லா ஸ்காலாவில் கரூசோவைக் கேட்டு அசந்துபோய், பத்துப் பாட்டுக்கு நூறு பவுண்டு என்று பேசி முடித்திருந்தார். லண்டன் தலைமையகமோ, கட்டணம் அநியாயம், பதிவு செய்யாதே என்று தந்தி அடித்தது. கெய்ஸ்பர்க் அந்தத் தந்தியை மதிக்கவில்லை. இருபத்தொன்பது வயதுக் கரூசோ வந்தார், பியானோ துணையோடு ஒரே அமர்வில் பத்துப் பாட்டையும் பாடினார், சாப்பிடப் போய்விட்டார். சங்கீத உலகத்தில் ஒரு குமாஸ்தா மேலிடத்து உத்தரவை மீறியதால் விளைந்த நன்மைகளில் இதற்கு மேல் ஒன்றை நான் அறியேன்.

அன்று மைக் கிடையாது. பாடகர் கூம்புக்குள் பாட வேண்டும். கூம்பின் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு அதிரும், அதோடு சேர்ந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும், அவ்வளவுதான் இயந்திரம். கனத்த ஆண்குரலின் அடி ஒலி அதில் சரியாக விழாது, வயலின் தேய்ந்து கேட்கும், பெண்களின் உச்சக் குரல் கிறீச்சிடும். டெனர் குரல்தான் ஏறக்குறைய முழுதாக உள்ளே போகும். கரூசோவுக்கு மத்திம ஸ்தாயியிலும் கனம் உண்டு. ஊசியின் இரைச்சலைத் தன் சதையால் மூடிவிடும் சாரீரம் அது. அந்தக் கூம்புக்கென்றே பிறந்த தொண்டை என்று சொல்லத் தோன்றுகிறது. இவருடைய தட்டுகளால்தான் பெரிய பாடகர்கள் பலர் கிராமபோனை விளையாட்டுப் பொருளாக நினைப்பதை நிறுத்தினார்கள்.

ஓட்டலுக்குள் போய் ஒரு காப்பி குடித்தோம். விலையைக் கேட்டு அத்தான் சிறிது நேரம் பேசவில்லை.

மாலையில் லா ஸ்காலா அருங்காட்சியகம். அங்கிருந்து ஒரு மாடத்தின் வழியாக அரங்கை எட்டிப் பார்க்கலாம். 1901 பிப்ரவரி 17 அன்று கரூசோ இங்கே தொனிசெத்தியின் 'லெலிசிர் தமோரே' பாடினார். காதல் மருந்து என்று பொருள். வாத்தியக் குழுவை நடத்தியவர் தோஸ்கானினி. முதல் காட்சிகளில் அரங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். கதாநாயகியோடு பாடும் பாட்டு முடிந்தபோது கூரை அதிர்ந்ததாம். இந்த ஆப்பராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதரின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வரும்.


இரண்டாம் நாள்: ரயிலில்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அத்தான் அதைப் படித்துவிட்டார். "கத்தல் என்று நான் சொல்லவே இல்லை மாப்பிள்ளை, இரைச்சல் என்றுதான் சொன்னேன்" என்கிறார். பதிவு செய்துகொள்ளவும்.

மிலானிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். பொலோன்யா தாண்டியதும் சுரங்கம் சுரங்கமாக வந்தது. ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. அத்தானுக்குக் காதல் மருந்தின் கதையைச் சொன்னேன். நெமொரினோ ஒரு கிராமத்து அப்பாவி. பணக்காரப் பெண் அதீனாவை விரும்புகிறான். ஊருக்கு வந்த போலி வைத்தியன் மலிவான ஒயினைக் காதல் மருந்து என்று சொல்லி அவன் தலையில் கட்டிவிடுகிறான். கடைசியில் அவள் கண்ணில் துளிர்த்த ஒரு துளியைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, தான் விரும்பப்படுகிறோம் என்று அவன் அறிந்துகொள்கிறான். அப்போது பாடுவதுதான் 'ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா', களவாக வந்த ஒரு கண்ணீர்த் துளி. சிரிப்பு நாடகத்துக்கு நடுவே இப்படி ஒரு பாட்டு.

1902 பதிவை அவர் காதில் போட்டேன். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஒரு பக்கத் தட்டில் அவ்வளவுதான் இடம்.

"சுருதி அப்படியே நிற்கிறது," என்றார். பிறகு, "ஆனால் எதற்கு அழுகிறார்?"

இந்தக் கேள்வியை அன்றைய விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள். சொல்லின் முடிவில் ஒரு விம்மலைச் செருகுவது கரூசோவின் வழக்கம். பின்னால் வந்தவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டார்கள். ஐம்பது வருடம் இத்தாலிய டெனர்கள் விம்மித் தீர்த்ததற்கு இவரும் ஒரு காரணம் என்பதை ரசிகனான நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி சொன்னதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிலானில் கரூசோவைப் பதிவு செய்த அதே கெய்ஸ்பர்க், அதே 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஹிந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். ஏழு மாத இடைவெளி. கூம்புக்குள் இரண்டு சங்கீத உலகங்கள். "அப்படியா! அந்த அம்மாளையுமா?" என்றவர் ரோம் வரும் வரை யோசனையில் இருந்தார்.


மூன்றாம் நாள்: சான் கார்லோ

காலையில் எழுந்து, கரூசோ அருங்காட்சியகம் இருக்கும் அரண்மனைக்கு ஓடினால் கதவு சாத்தியிருக்கிறது. புதன்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. கிழமையைப் பார்க்காமல் வந்தது என் தப்பு. பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் சான் கார்லோ ஆப்பரா இருக்கிறது. அங்கே போனோம்.

1737 நவம்பர் 4 அன்று திறந்த அரங்கம், லா ஸ்காலாவைவிட 41 வயது மூத்தது. 1816இல் எரிந்து, ஒரு வருடத்துக்குள் மீண்டும் எழுந்தது. உள்ளே நுழைந்தால் சிவப்பும் பொன்னும். ஆறு அடுக்கு மாடங்கள் குதிரை லாட வடிவில் சுற்றி வருகின்றன, நடுவில் கிரீடம் சூடிய அரச மாடம். சுற்றிக் காட்டிய பெண் மேடைப் பக்கம் பார்த்து ஒரே ஒரு முறை கைதட்டினார். சத்தம் எங்கும் முட்டாமல் போய், பஞ்சில் விழுந்ததுபோல் அடங்கியது. அத்தான் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மைக் இல்லாமல் ஒரு மனிதக் குரல் முழு வாத்தியக் குழுவையும் தாண்டி மேல் அடுக்கு வரை எப்படிப் போகிறது என்று கேட்டார். சுமார் 3000 ஹெர்ட்ஸ் அருகில் வாத்தியக் குழுவின் பலம் குறைந்துவிடும். பயின்ற பாடகர் தொண்டையின் மேற்பகுதியைச் சரியாக அமைத்து அந்த இடைவெளியில் தன் சக்தியைக் குவிக்கிறார். பெருங்கூட்டத்தில் சந்து கண்டுபிடித்து நுழைகிறவனைப் போல. "நாதஸ்வரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் போகும், இது கூட்டத்துக்குள் வழி கேட்டுப் போகிறது போலிருக்கிறது" என்றார். இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் வந்த விஷயம். மாடங்களுக்குள் சிறு கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். முகம் பார்க்க அல்ல. ஒவ்வொன்றும் அரச மாடம் தெரியும்படி சாய்த்து வைத்தது. மன்னர் கைதட்டினாரா, முகம் சுளித்தாரா என்று அதில் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் தட்டுவார்களாம். அரசர் தட்டுமுன் தட்டுவது மரியாதைக் குறைவு. ஆக, பாடுகிறவன் மேடையில் இருக்கிறான், கேட்கிறவனின் கண்ணோ கண்ணாடியில் இருக்கிறது.

1901 டிசம்பர் 30 இரவு கரூசோ இங்கே பாடினார். சொந்த ஊர், சொந்த அரங்கம், இருபத்தெட்டு வயது. மிலானில் கூரையை அதிரவைத்த அதே காதல் மருந்து. நேப்பிள்ஸ் மசியவில்லை. அரசவம்சம் போய் நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்துக் கைதட்டும் பழக்கம் போகவில்லை. அரசர் இருந்த இடத்தில் ஊரின் ஞானஸ்தர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற பாடகர்கள் முன்கூட்டியே அவர்களைப் போய்ப் பார்த்து வணங்குவது வழக்கம். கரூசோ போகவில்லை. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்று நேப்பிள்ஸின் செல்லப் பாடகர் ஃபெர்னாந்தோ தெ லூச்சியா. பாட்டை இழைத்து இழைத்து, ஒவ்வொரு வரியிலும் பூவேலை செய்கிறவர். அந்தக் காதுகளுக்குக் கரூசோவின் கன சாரீரம் முரட்டுத்தனமாகத் தோன்றியிருக்கலாம். டெனர் என்று கூப்பிட்டு, பாரிடோன் என்ற கனத்த ஆண்குரல்போல் பாடுகிறானே என்று பத்திரிகையிலும் எழுதினார்கள். நாளைக்கு எது உலகத்தையே மயக்கப்போகிறதோ அதையே குறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். இதில் வில்லன்கள் யாரும் இல்லை. பழகிய காது, அவ்வளவுதான்.

இனி நேப்பிள்ஸில் பாட மாட்டேன், ஸ்பகெத்தி தின்ன மட்டும்தான் வருவேன் என்று கரூசோ சபதம் செய்ததாகக் கதை. கதையில் கொஞ்சம் மசாலா இருக்கிறது. அன்றோடு மூட்டை கட்டிவிடவில்லை. அந்தப் பருவத்தில் ஒப்பந்தப்படி மேலும் சில இரவுகள் பாடினார், ஜனவரியில் மாஸ்னேயின் 'மனோன்' உட்பட. முழுத் தோல்வி அல்ல என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சபதத்தின் பலன் மட்டும் மெய். அந்தப் பருவத்துக்குப் பிறகு இறக்கும் வரை சொந்த ஊரின் மேடையில் அவர் பாடவில்லை.

தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் இறுதியில் இந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் எடுபடாத 'களவாக வந்த கண்ணீர்த் துளி', ஏப்ரலில் மிலானில் கூம்புக்குள் போனது. கூம்பில் கண்ணாடி இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு போனவன் தன் வீட்டில், பக்கத்தில் யாரும் இல்லாமல் கேட்டான். தட்டலாமா என்று கேட்க ஆள் இல்லை.

இரவுச் சாப்பாடு 'புகத்தீனி அல்லா கரூசோ'. நடுவில் துளையுள்ள நீண்ட பாஸ்தா, தக்காளி, குடைமிளகாய், சுக்கினி. அத்தான் இரண்டாவது தட்டும் கேட்டார். இதுவரை கரூசோவின் பெயரால் அவர் பாராட்டிய முதல் பொருள்.


நான்காம் நாள்: அரண்மனை, பசிலிக்கா, கடற்கரை

இன்று கதவு திறந்தது. அரண்மனைக்குள் 2023இல் திறந்த கரூசோ அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கிராமபோன்கள், மேடை உடைகள், கடிதங்கள், அவர் வரைந்த கேலிச் சித்திரங்கள். படம் வரைவதில் கெட்டிக்காரர். நியூயார்க்கின் இத்தாலியப் பத்திரிகை ஒன்றுக்கு வருடக்கணக்கில் வரைந்து கொடுத்திருக்கிறார். தன்னையே வரையும்போது கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சின்மேல் நேராகத் தலையை வைத்துவிடுகிறார். எங்கிருந்து பாடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1903 நவம்பர் 23 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் முதல் முறை பாடினார். அதற்குப் பிறகு பதினேழு வருடம் அதுதான் அவர் வீடு. பிலடெல்பியாவில் ஒரு 'லா போயெம்' இரவில் உடன் பாடிய அடிக்குரல் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசிக் காட்சியில் அவர் தன் பழைய கோட்டுக்கு விடைசொல்லும் பாட்டு ஒன்று உண்டு. கரூசோ சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதையும் தானே பாடிவிட்டார். டெனர் ஒருவர் அடிக்குரல் பாட்டைப் பாடியது கேட்டவர்களுக்குத் தெரியவில்லையாம். பிற்பாடு 1916இல் தட்டிலும் பதிவு செய்தார். அங்கே அதைக் கேட்டேன். நேப்பிள்ஸ் குறையென்று சொன்ன அந்த அடிக்கனம் இதுதான்.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்ற இடத்தில் பொருள் ஒன்றும் இல்லை. 1920 டிசம்பர் 11 என்ற தேதி மட்டும் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. இடம் புரூக்ளின். பாட்டு, மறுபடியும் காதல் மருந்து. திரை எழுவதற்கு முன்பே வாயில் ரத்தம். பாடத் தொடங்கினார். பாடப் பாட ரத்தம் வந்தது. நெமொரினோவின் கைக்குட்டை சிவந்தது. மேடை ஓரத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாகத் துணி நீட்டினார்கள். துடைத்துக்கொண்டு பாடினார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் போதும், நிறுத்துங்கள் என்று கத்தினார்கள். முதல் அங்கத்தோடு ஆட்டம் நின்றது.

காசு கொடுத்து வந்த கூட்டம், தான் கேட்க வந்த குரலைப் பாடாதே என்று கெஞ்சியிருக்கிறது. ரசிகர்களின் ஆரவாரங்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்தக் கூச்சலுக்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 24 அன்று 'லா ஜுய்வ்' பாடினார். அதுதான் கடைசி. நுரையீரலைச் சுற்றிச் சீழ், அறுவைக்கு மேல் அறுவை, விலா எலும்பில் ஒரு துண்டும் போயிற்று. 1921 மே மாத இறுதியில் இத்தாலிக்குக் கப்பல் ஏறினார். ஆகஸ்ட் 2 காலையில் கடற்கரையில் இருக்கும் வெசுவியோ ஓட்டலில் உயிர் பிரிந்தது. மாலையில் அங்கே போய் நின்றோம். எதிரே முட்டைக் கோட்டை, மீன் பிடிக்கும் சிறுவர்கள், ஸ்கூட்டர்கள். ஓட்டலின் உணவகத்துக்குக் கரூசோ பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனைக்கு நேர் எதிரே பெரிய சதுக்கம், அதன் மறுபக்கம் சான் பிரான்செஸ்கோ தி பாவ்லா பசிலிக்கா. இறுதிச் சடங்கு அங்கேதான், மன்னரின் அனுமதியோடு. சதுக்கம் கொள்ளாத கூட்டம். சடங்கில் பாடியவர் யார் தெரியுமா? தெ லூச்சியா. கரூசோவை எந்தக் குரலோடு ஒப்பிட்டு ஊர் உதட்டைப் பிதுக்கியதோ, அந்தக் குரல். அறுபது வயது ஆகியிருந்தது. 'இரங்கும் ஆண்டவரே' என்ற பழைய வேண்டுதல் பாட்டைப் பாடினார். பசிலிக்காவின் படியில் உட்கார்ந்து இதை அத்தானிடம் சொன்னேன். "பெரிய மனுஷன்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.


ஐந்தாம் நாள்: ஒத்தோகல்லி, கல்லறைத் தோட்டம்

பிறந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ் வரும் வரும் என்று நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம். பக்கத்தில் நின்ற பாட்டி வானத்தைக் காட்டிக் கையை விரித்தார். ஆண்டவன் விட்ட வழி என்று எடுத்துக்கொண்டு நடந்தோம். வழியில் கார்லோ மன்னர் பெயரிலான சதுக்கத்தில் ஏழைகளுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய சத்திரம், முகப்பு மட்டுமே 350 மீட்டர் நீளம் இருக்கும். ஊரில் ஏழைகள் எத்தனை பேர் என்பதற்கு அந்தச் சுவரே கணக்கு.

அதைத் தாண்டிய நெரிசலான ஒத்தோகல்லிப் பகுதியில், சாந்தி ஜியோவான்னி எ பாவ்லோ தெருவில், ஏழாம் எண். கீழே கடைகள், மேலே துணி காயும் பால்கனிகள், சுவரில் ஒரு பலகைக்கல். அப்பா மெக்கானிக். ஏழு பிள்ளைகளில் தப்பிப் பிழைத்தவர்கள் மூன்று பேர். இருபத்தொரு பிள்ளைகள், இவர் பதினெட்டாவது என்று நெடுங்காலம் ஒரு கதை உலவியது. ரசிகர்களுக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் திருப்தி. பையன் கோவில் சேர்ந்திசையில் பாடினான், தொழிற்சாலையில் வேலை செய்தான், காதலர்கள் காசு கொடுத்தால் அவர்கள் காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று அவர்களுக்காகப் பாடினான். வெர்ஜினே என்ற வாத்தியார் முதலில் கேட்டபோது, ஜன்னல் இடுக்கில் காற்று ஊதுவது போலிருக்கிறது என்றாராம். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துபோவது ஆரம்ப வருடங்களில் சாதாரணம். 1897இல் இசையமைப்பாளர் புச்சினி முன்னால் பாடிக் காட்டியபோதும் உச்ச ஸ்வரம் நிச்சயமில்லை. அரை ஸ்வரம் இறக்கிப் பாட அனுமதி கிடைத்தது. கேட்டுவிட்டு, உன்னை என்னிடம் அனுப்பியது யார், கடவுளா என்று புச்சினி கேட்டதாகச் சொல்வார்கள். உச்சத்தைத் தொடுவதுதான் டெனரின் பெருமை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புச்சினி மயங்கியது உச்சத்தில் அல்ல.

கீழே பழக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்காமலே பலகையைக் காட்டினார். தினம் எத்தனை பேர் வருவார்கள் என்று சைகையில் கேட்டேன். ஒரு விரலை நீட்டி, பிறகு அதையும் பாதியாக மடக்கினார். அவரிடம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு டாக்ஸி பிடித்தோம்.

சாந்தா மரியா தெல் பியாந்தோ கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. நகைச்சுவை நடிகர் தோத்தோவும் இங்கேதான். அவர் கல்லறையில் பூவும் சீட்டுகளும் நிறைந்து கிடக்கின்றன. கரூசோவின் சிறு ஆலயம் பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் யாரோ வைத்த பூங்கொத்து ஒன்று, வாடி இரண்டு நாள் இருக்கும்.

இறந்த பிறகு அவர் உடலைப் பதப்படுத்தி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, பல வருடம் வந்தவர் போனவர் எல்லோரும் பார்க்க விட்டிருக்கிறார்கள். மனைவி டாரத்தி வேண்டிக்கேட்டு மன்றாடிய பிறகுதான் பேழையை மூடினார்கள். உயிரோடு இருந்தபோது கேட்க மனமில்லாமல் இருந்த ஊர், வாய் மூடிய பிறகு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. சிறிது நேரம் கழித்து, நானும் கடல் கடந்து வந்து பூட்டிய கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டுதானே நிற்கிறேன் என்று தோன்றியது. விலகி வந்துவிட்டேன்.

அத்தான் ஆரஞ்சை உரித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். "எங்கேயாவது உட்காரலாம் மாப்பிள்ளை, கால் வலிக்கிறது."


ஆறாம் நாள்: சொரெந்தோ

வெசுவியஸ் எரிமலையைச் சுற்றிப் போகும் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நிற்க இடமில்லை. சொரெந்தோவில் இறங்கியதும் எலுமிச்சை வாசனை. கடைக்குக் கடை எலுமிச்சை சோப்பு, எலுமிச்சை மிட்டாய், எலுமிச்சை மதுபானம்.

செங்குத்தான பாறை விளிம்பில் எக்செல்சியோர் வித்தோரியா ஓட்டல். 1921 கோடையைக் கரூசோ இங்கே கழித்தார். அவர் தங்கிய அறையையும் பியானோவையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தங்குகிறவர்களுக்குத்தான் அனுமதி. தங்கும் கட்டணத்தைக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. தோட்டத்து வாசல் வரை போய், கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டோம்.

இங்கே நடந்த ஒன்றை டாரத்தி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஓர் இளைஞன் தன் குரலைப் பற்றிக் கரூசோவின் அபிப்பிராயம் கேட்க வந்தான். 'மார்த்தா' ஆப்பராவின் 'மப்பாரி' பாட்டைப் பாடத் தொடங்கினான். டாரத்தி வேறு அறையில் இருந்தார். திடீரென்று அதே பாட்டு வேறு குரலில் எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், என்னால் பாட முடிகிறது, குரல் போகவில்லை என்று முகமெல்லாம் ஒளியாகக் கணவர் நிற்கிறார். அதற்குச் சில வாரங்களிலேயே முடிவு வந்துவிட்டது. அந்தக் கடைசிப் பாட்டைத் தட்டு எதுவும் பிடிக்கவில்லை. கேட்டவர்கள் அந்த இளைஞனும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனைவியும்தான். பாடிக் காட்ட வந்தவன் அதற்குப் பிறகு தன் குரலைப் பற்றி அபிப்பிராயம் கேட்டிருப்பானா?

மின்சார மைக் வழியாகத் தட்டில் பதிவு செய்யும் முறை வந்தது 1925இல். நான்கு வருடம் தப்பிவிட்டது. பாடியதெல்லாம் கூம்புக்குத்தான். 1932இல் அந்தப் பழைய பதிவுகளின் வாத்திய ஒலியை மூடி, புது வாத்தியக் குழுவை வாசிக்கவைத்து மேலே ஒட்டிக்கூடப் பார்த்தார்கள். கேட்டிருக்கிறேன். புதுச் சட்டைக்குள் பழைய ஆள் நெளிவது போலிருக்கும். எனக்குக் கரகரப்பே போதும்.

திரும்பும்போது ரயில் வேண்டாம் என்று படகு. படகு கிளம்பியதும் பாறை மேல் ஓட்டல் சிறிதாகிக்கொண்டே போனது. என்ஜின் இரைச்சல். மேல்தளத்தில் காற்று. அத்தான் கையை நீட்டினார்.

"அந்த ஒயரைக் கொடு."

"எந்தப் பாட்டு அத்தான்?"

"அதுதான், அழுகிறாரே, அது."

1904இல் மறுபடி பாடிய பதிவைப் போட்டேன், அதில் அவசரம் இல்லை. என்ஜின் சத்தத்துக்காக இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது. கையை எடுக்கவில்லை. வெசுவியஸ் வலது பக்கம் வந்துவிட்டது.

"கடைசியில் தனியாக இழுக்கிறாரே மாப்பிள்ளை, அங்கே மூச்சை எங்கே எடுக்கிறார்?"

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

"சரி, இன்னொரு முறை போடு."